வெள்ளத்தின் வழி: தெல்லிப்பழை முதல் அராலி வரை

திங்கட்கிழமை – தெல்லிப்பழை, அளவெட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஆனால் மாரி பிறந்ததும் நீர் ஓடத்தான் செய்கிறது. அது ஓடும் வழிகள் ஆழமில்லாதவை, கரை தெரியாதவை, வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் காய்ந்து கிடப்பவை என்பதால் அவற்றை நீர்வழிகள் என்று எவரும் கணக்கில் எடுப்பதில்லை. கண்டியிலோ பதுளையிலோ ஓர் ஓடை மலையை அறுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்குகிறது. அதை மூடி வீடு கட்ட நினைப்பவருக்கு அந்தப் பள்ளத்தைப் பார்த்தாவது சற்றுப் பயம் வரும். எங்களுடைய ஊரில் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. வெறுங்காணியாகத் தெரிவதை நாலு லொறி மண் பறித்து நிரப்பி, சுற்றிவர மதில் எழுப்பிவிட்டால் காரியம் முடிந்தது. அந்த நீர் அடுத்த ஒழுங்கைக்காரரின் குசினிக்குள் போவது கார்த்திகையில்தான் தெரியவரும்.

மழை தொடங்குவதற்கு முன்னர் இந்த வழிகளைத் தலையிலிருந்து கடல்வரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். புரட்டாதி மாதக் கடைசியில் அதற்கு நேரம் கிடைத்தது. நில அளவைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரும் தம்முடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு உடன் வந்தார். எங்கள் முதல் இலக்கு வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கத்தில் பிறந்து, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று தென்மேற்காக இறங்கி, அராலியில் கடல்நீரேரியைச் சேரும் இந்த மாரிகால ஓடைதான் குடாநாட்டில் ஆறு என்ற பெயருக்கு ஓரளவாவது உரிமை கோரக்கூடியது. அதன் முழு நீளமும் ஏறத்தாழ 15 கிலோமீற்றர்.

தெல்லிப்பழையில் நின்று பார்த்தால் நிலம் சரிவதாகத் தோன்றவே தோன்றாது. குடாநாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றருக்குள் அடங்கிவிடுவது. ஆகவே இந்த ஓடை கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் அளவில்கூட இறங்குமோ என்பது சந்தேகம். சுளகொன்றைச் சற்றே சாய்த்துப் பிடித்தது போன்ற இந்தச் சாய்வில் நீர் விரைந்து ஓடுவதில்லை. அது பரந்து, ஒரு தாழ்வில் தங்கி, அந்தத் தாழ்வு நிரம்பிய பிறகே அடுத்ததற்குப் போகிறது. முன்னோர் அந்தத் தாழ்வுகளையே குளங்களாகத் திருத்தினார்கள். குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் குட்டைகளும் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு குளம் நிரம்பி அதன் வான் (மிகைநீர் வழியும் வாய்) பாய்ந்தால் அது மற்றக் குளத்தின் வரத்தாகும். ஆகையால் இடையில் ஒரேயொரு குளத்தைத் தூர்த்தாலும் கோர்வை முழுவதும் குழம்பிவிடும்.

தலைப்பகுதியின் நிலைமை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. தெல்லிப்பழையை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த மக்கள் கட்டம் கட்டமாகவே திரும்பி வந்தார்கள். சில காணிகள் விடுவிக்கப்படுவதற்கு மூன்று தசாப்தங்கள் சென்றன. மனிதர் இல்லாத ஊரில் குளத்தைத் தூர்வாரவும் ஆளில்லை. அளவெட்டிப் பக்கத்துக் குளக்கரை ஒன்றில் ஆடு கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "முந்திக் கோடையில வண்டில் கட்டிக்கொண்டு வந்து குளத்து மண்ணை அள்ளித் தோட்டத்துக்குப் போடுவம் தம்பி. இப்ப ஆர் அள்ளுகினம்? உரப்பை வந்திட்டுது" என்றார். குளம் ஆழமாக இருந்ததற்கு எந்தத் திட்டமும் காரணமில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வண்டல் தேவைப்பட்டது, அவ்வளவுதான். தேவை போனதும் பராமரிப்பும் போயிற்று. புனரமைப்புக்கென்று கூட்டம் கூடுபவர்கள் இந்தப் பெரியவரையும் அழைத்து உட்கார வைத்தால் நல்லது என்று எனக்குப் பட்டது.

செவ்வாய்க்கிழமை – கந்தரோடை, சண்டிலிப்பாய்

இன்று எழுத அதிகமில்லை. கந்தரோடையில் நெல்வயல்களுக்கு நடுவே வாய்க்கால் இன்னும் வாய்க்காலாகவே இருக்கிறது. புழுதி விதைப்புக்கு நிலம் உழுது கிடந்தது. வயற்காணியை நிரப்புவதானால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். சட்டத்தை விடவும் நெல்லே இங்கு வாய்க்காலைக் காத்துக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். வயல் செய்பவருக்கு வாய்க்கால் அடைபட்டால் பயிர் அழுகும். அவர் மற்றவர் சொல்லும் வரை காத்திருக்கமாட்டார்.

சண்டிலிப்பாயைத் தாண்டி வீதியோரம் வந்ததும் காட்சி மாறுகிறது. வீதியை உயர்த்தித் தார்க் காப்பெற் போட்டபோது பழைய மதகை அப்படியே விட்டு மேலே மட்டும் கட்டியிருக்கிறார்கள். மதகின் வாயில் அரைவாசிக்கு மண். குனிந்து பார்த்த நண்பர், மறுபக்க வெளிச்சம் ஒரு சாண் அளவுக்குத்தான் தெரிகிறது என்றார். மதகு வீதிக்குரியவர்களுடையது, வாய்க்கால் இன்னொருவருடையது, குளம் மூன்றாமவருடையது, குளத்தோடு ஒட்டிய கேணி கோயிலுடையது. நீர் ஒன்று, பொறுப்பு நாலு.

புதன்கிழமை – நகரத்துக் குளங்கள்

வயலை விட்டு நகரத்துக்கு வந்துவிட்டோம். யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் ஆறு போன்ற ஒரு பெருவழி இல்லை. பல சிறிய வெள்ளவாய்க்கால்கள் தெற்கிலும் மேற்கிலும் உள்ள கடல்நீரேரியை நோக்கி இறங்குகின்றன. அவற்றின் இடைத்தங்கல்கள்தான் நகரத்துக் குளங்கள்.

முதலில் நல்லூர் யமுனா ஏரிக்குப் போனோம். பகர வடிவில் கல்லால் கட்டப்பட்ட இந்தக் கேணி ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தது என்றும், யமுனை நதியின் நீரைக் காவடியில் கொண்டுவந்து இதில் ஊற்றினார்கள் என்றும் மரபு சொல்கிறது. யமுனை நீர் வந்ததோ இல்லையோ, மழைநீர் வருவதற்கான வழி இப்போது குடிமனைகளுக்கு நடுவே மறைந்துவிட்டது.

அடுத்தது ஆரியகுளம். இதை மாநகர முதல்வராக வி. மணிவண்ணன் இருந்த காலத்தில், 2021இல், துப்புரவாக்கி நடைபாதையும் மின்விளக்கும் இட்டுத் திறந்தார்கள். மாலை நேரத்தில் குடும்பங்கள் வந்து அமர்கின்றன. குப்பை கொட்டும் பள்ளமாகப் பலகாலம் கிடந்த ஓர் இடத்தை ஊர் மீண்டும் தன்னுடையதென்று நினைக்கத் தொடங்கியது சிறிய விடயமல்ல. ஆனால் நண்பரும் நானும் நடைபாதையில் நடந்தபடி தேடியது வேறு: நீர் எந்த வாயால் உள்ளே வருகிறது, எந்த மட்டத்தில் வெளியே போகிறது, வெளியே போனது எங்கே போகிறது? குளத்தை அலங்கரிப்பதற்கு நன்கொடை கிடைக்கும், பெயர்ப்பலகையும் வைக்கலாம். அதற்கு வரும் வாய்க்காலில் முந்நூறு மீற்றர் தூரத்துக்குச் சேறு அள்ளுவதற்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது. பொதுநூலகத்துக்கு அருகே, இந்திய உதவியில் கட்டப்பட்ட பதினொரு மாடிக் கலாசார மையத்தின் காலடியில் கிடக்கும் புல்லுக்குளத்தின் கரையிலும் இதே கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டு நின்றோம்.

இந்தக் குளங்கள் வெள்ளத்தைத் தாங்குவதற்கு மட்டும் உரியவையல்ல என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் என்ற பழைய புவியியற் காலத்துச் சுண்ணாம்புக்கல். அது வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. மழைநீர் அவற்றின் வழியே இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லோரும் அறிந்தது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு உவர் விலகி நிற்கும் என்பது நீரியலாளர்களின் கணிப்பு. மறுவளமாகச் சொன்னால், மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால் உவர் நாற்பது அடி மேலேறும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெறும் இந்த மண்ணுக்கு அதன் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் மட்டுமே கிடைக்கிறது. அந்த மூன்று மாதத்து நீர் குளத்தில் தங்கி மெல்ல இறங்கினால்தான் ஆடியில் கிணறு தாங்கும். ஆகவே நகரத்து வெள்ளத்தை விரைவாகக் கடலில் சேர்ப்பதே வடிகாலமைப்பின் நோக்கம் என்று எண்ணுபவர்கள், கோடையில் தண்ணீர் பவுசருக்குக் காத்து நிற்கும் வரிசையையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நகரத்தில் பொதுவான மலசலக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. வீட்டுக்கு வீடு குழிதான். அந்தக் குழிநீரும் தோட்டங்களின் உரமும் சேர்ந்து, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வரையறுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை மீறிய கிணறுகளைக் குடாநாட்டில் உண்டாக்கியிருக்கின்றன. சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்ததையும் நாம் மறக்கவில்லை. வெள்ளவாய்க்காலில் எதை விடுகிறோமோ அதையே பிறகு கிணற்றிலிருந்து அள்ளுகிறோம். எனவே அழுக்குநீர் ஓடும் கானைக் குளத்தோடு இணைப்பது தீர்வாகாது. மழைநீரும் அழுக்குநீரும் முதலில் பிரிய வேண்டும். இது செலவான வேலை, தேர்தல் மேடையில் பேசுவதற்கு உகந்ததுமல்ல.

வியாழக்கிழமை – ஓர் ஒழுங்கையில் மழை

பின்னேரம் மூன்று மணிக்கு இடி இடித்தது. பருவமழைக்கு முந்திய இடிமழை. முக்கால் மணித்தியாலம் கொட்டிவிட்டு ஓய்ந்தது. பிறவுண் வீதியை அண்டிய ஓர் ஒழுங்கையில் கடை வாசலில் ஒதுங்கி நின்ற எங்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைத்திருக்காது.

முதற் பத்து நிமிடம் ஒழுங்கை நனைந்தது, அவ்வளவுதான். பிறகு வடக்குப் பக்கமிருந்து செம்மண் நிறத்தில் நீர் வரத் தொடங்கியது. அது ஒரு மதிலில் முட்டியது. மதிலோடு கிழக்கே திரும்பி அடுத்த மதிலில் முட்டியது. பின்னர் ஒழுங்கையால் இறங்கி, வீதியை விடத் தாழ்ந்திருந்த ஒரு பழைய நாற்சார் வீட்டின் கேற்றுக்கடியால் உள்ளே போனது. அந்த வீட்டு அம்மா விளக்குமாற்றோடு வெளியே வந்து எங்களைப் பார்த்து, "முந்தி உங்காலதான் வெள்ளம் போறது தம்பி, எங்கட வேலிக்கடியால. இப்ப சுத்திவர மதில் கட்டிப்போட்டினம். தண்ணி என்ன, மதிலேறிக் குதிச்சே போகும்?" என்றார். அவருடைய கிணற்றுக்கட்டு முழங்கால் உயரந்தான். நீர் அதற்கு நாலு விரல் கீழே வந்து நின்றது.

யாழ்ப்பாணத்து வெள்ளத்தைப் பற்றி ஆய்வறிக்கைகள் சொல்வதில் பெரும்பகுதி அந்த அம்மாவின் இரண்டு வசனத்தில் அடங்கிவிட்டது. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைத்த வேலி ஆளை மறிக்கும், நீரை மறிக்காது. அதனடியால் மழைநீர் வளவுக்கு வளவு பரந்து, போகும் வழியில் பாதி நிலத்துக்குள் இறங்கிவிடும். வெளிநாட்டுப் பணம் வந்து வேலிகளெல்லாம் மதில்களான பிறகு, ஒவ்வொரு வளவும் ஒவ்வொரு தொட்டியாயிற்று. நீர் போகும் வழி ஒழுங்கை ஒன்றுதான் என்றாகியது. அந்த ஒழுங்கையையும் கொங்கிறீற் போட்டு உயர்த்திவிட்டோம். ஒருவரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, எல்லாவற்றையும் இழந்த ஒருவர் தம்முடைய காணியைச் சுற்றி உறுதியான சுவர் எழுப்ப விரும்புவது மிக இயல்பானது. ஆனால் மதிலின் அடியில் ஆறடிக்கு ஒரு துவாரம் விட்டுக் கட்டும்படி கட்டட அனுமதியிலேயே ஒரு நிபந்தனை இட்டால் மேசனுக்கு அரைமணி வேலை கூடும், அவ்வளவே. இதை எழுதும்போது எனக்குச் சற்று ஆத்திரமாகவும் இருக்கிறது. கோடிக்கணக்கில் கான் கட்டத் தெரிந்த நகரத்துக்கு இது தெரியாமலா இருக்கும்?

நீரின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பரப்புக் காணி என்பது 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இரண்டு பரப்புக் காணியில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 25,000 லீற்றர். மண் முற்றமும் மாமரமுமாக இருந்த வளவு அதில் பெரும்பங்கைத் தானே குடித்துவிடும். முற்றம் முழுவதும் கல் பதித்து, வாகனம் நிறுத்தக் கூரையும் போட்ட வளவு அநேகமாக முழுவதையும் ஒழுங்கைக்குத் தள்ளும். ஓர் ஒழுங்கையில் அப்படி இருபது வீடு என்றால் ஐந்து இலட்சம் லீற்றர், ஒரு பின்னேரத்தில்.

மழை விட்டதும் நண்பர் தம்முடைய பையிலிருந்து நீர்மட்டக் குழாயை எடுத்தார். மேசன்மார் அத்திவாரம் போடும்போது பயன்படுத்தும் அந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்தான். இருபது மீற்றர் நீளம், உள்ளே நிறமேற்றிய தண்ணீர். ஒழுங்கை முகப்பிலுள்ள கானின் மூடியைக் கடைக்காரரின் உதவியோடு கிளப்பி, அடித்தளத்தில் ஒரு தடியை நிறுத்திக் குழாயின் ஒரு முனையை அதில் பிடித்தார். மறுமுனையை நான் அடுத்த மூடி கிளம்பிய இடத்தில் பிடித்தேன். குமிழி போகும்வரை காத்திருந்து இரண்டு தடியிலும் அடையாளம் இட்டு அளந்தார். கடற்பக்கம் இருக்கும் அடித்தளம் இரண்டு விரற்கடை உயரமாக இருந்தது. இன்னொரு தடவை அளந்தும் அதுதான். கான் பார்வைக்கு நேர்த்தியானது. பக்கச் சுவர் பூசியது, மூடி ஒரே அளவில் வார்த்தது. ஆனால் நீர் அதில் கடலுக்கு எதிர்த்திசையில் நிற்கிறது. கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவுள்ள ஊரில் இருபது மீற்றருக்குக் கிடைக்கும் சரிவு இரண்டு சென்ரிமீற்றர் மட்டுமே. அந்த இரண்டு சென்ரிமீற்றரைத் தவறவிடுகிற கொத்தும் ஒப்பந்தமும் நகரத்தின் வெள்ளத்தைத் தீர்மானித்துவிடும். இங்கு மட்டம் பார்ப்பவரின் கவனத்துக்குத்தான் முதல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று நண்பர் சொன்னதில் தொழிற்பெருமையும் இருந்தது, உண்மையும் இருந்தது.

உள்ளே கிடந்தவை: யோகட் கோப்பைகள், பொலித்தீன் பைகள், ஒரு கால்செருப்பு, இரண்டு வீடுகளிலிருந்து வரும் குசினிக் குழாய்கள். தேங்கிய பகுதியில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. மூடிய கான் கண்ணுக்கு நல்லது. உள்ளே அடைத்தது தெரிவதற்கு ஒரு கார்த்திகை வேண்டும்.

வெள்ளிக்கிழமை – பொம்மைவெளி, நாவாந்துறை

நகரத்தின் மேற்கு விளிம்பு. யாழ்ப்பாணத்தில் ஓர் இடத்துக்கு வெளி, தரவை (மாரியில் நீர் நிற்கும் வெற்றுநிலம்), தாழ்வு என்று பெயர் முடிந்தால் அங்கே காணி வாங்குவதற்கு முன்னர் இரண்டு தடவை யோசிப்பது பழைய வழக்கம். இப்போது அந்த யோசனைக்கு வசதி இல்லாதவர்கள்தான் அங்கு குடியேறுகிறார்கள். பொம்மைவெளியில் நான் கண்ட வீடுகளில் பல, நகரத்தில் இடித்த கட்டடங்களின் கல்லும் ஓடும் கொட்டி நிரப்பிய மேட்டில் நிற்கின்றன. மேடு போட்டவர் தப்புவார். போடாதவரின் வீட்டுக்கு அவருடைய பங்கும் சேர்ந்து போகும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போதும், 2024 நவம்பரின் பெருமழையின்போதும் இப்படியான தாழ்நிலத்துக் குடும்பங்களே முதலில் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தன. 2024இல் வெள்ளம் வடிந்த கையோடு வடமராட்சிப் பக்கத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களையும் எடுத்தது.

நிரப்புவோர் பட்டியலில் ஏழைகளை முதலில் எழுதுவது நியாயமில்லை. வீதிமுகப்பில் களஞ்சியமும் வாகன விற்பனை முற்றமும் போட்டவர்கள் நிரப்பிய பரப்பு அதைவிடப் பன்மடங்கு. கொழும்பு இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் படித்தது. 2010இல் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்ற பிறகு, சதுப்பு நிலங்கள் நீரைத் தாங்கும் கொள்கலங்கள் என்று ஏற்றுக்கொண்டு அவற்றைக் காக்கத் தொடங்கியது, 2018இல் ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் பெற்றது. கொழும்பின் சதுப்பு நன்னீர், எங்களுடைய தரவை உவர். ஆனாலும் தொழில் ஒன்றுதான். உலக வங்கியின் நிதியில் கண்டி, காலி, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களுக்கு நடந்த அபிவிருத்தித் திட்டத்தில் எங்கள் நகரத்தின் வடிகால்களும் திருத்தப்பட்டன. கான்கள் அகன்றன என்பது உண்மை. அவை போய்ச் சேரும் தரவையை அதே வேளையில் எல்லையிட்டுக் காத்திருந்தால் அந்தச் செலவுக்கு இன்னும் பலன் இருந்திருக்கும்.

நாவாந்துறைக் கரையில் ஒரு வாய்க்கால் முகத்தைப் பார்த்தோம். கண்டல் வேர்களில் பொலித்தீன் தொங்கியது. வலை காயவிட்டுக்கொண்டிருந்த ஒருவர், கார்த்திகையில் காற்றும் பெருக்கும் சேரும் நாட்களில் கடல் வாய்க்காலுக்குள் ஏறி வரும் என்றும், அப்போது நகரத்திலிருந்து எவ்வளவு நீர் வந்தாலும் இந்த முகத்தால் போகாது என்றும் சொன்னார். "அந்த ரெண்டு மூண்டு நாள் தண்ணி மேலதான் நிக்கோணும் அண்ணை. மேல நிக்க இடம் வைச்சால் சரி" என்றார் அவர். நேற்று அளந்த கானுக்கும் புதன்கிழமை பார்த்த குளங்களுக்கும் இடையிலான தொடர்பை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை – கல்லுண்டாய், அராலி

காரைநகர் வீதியில் காக்கைதீவைத் தாண்டியதும் காற்றின் மணம் மாறுகிறது. நகரத்தின் குப்பை கல்லுண்டாய் வெளியில் மலையாகக் குவிகிறது. எரியும்போது புகை நவாலிப் பக்கம் போகிறது. கடல்நீரேரியின் விளிம்பில், ஓடை முடியும் இடத்துக்கு இவ்வளவு கிட்டக் குப்பை கொட்டுவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. இதைப் பற்றி ஊரவர்கள் எழுதியும் மறித்தும் பார்த்துவிட்டார்கள். நான் புதிதாகச் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அதற்கப்பால் அராலி. திங்களன்று தெல்லிப்பழையில் விட்ட வழுக்கையாறு இங்கேதான் வந்து சேர்கிறது. உவர் ஏறாமலும் நன்னீர் வீணாகாமலும் இருக்க இங்கே தடுப்பணை இருக்கிறது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் 1950களில் கட்டிய உவர்த் தடுப்பணைகளும் இதே நோக்கத்துக்கானவைதான். பொறியியலாளர் ச. ஆறுமுகம் அந்தக் காலத்தில் முன்வைத்த, ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கும் பெருந்திட்டத்தைப் பற்றி எங்களூரில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. அதில் பத்தில் ஒரு பங்கு ஆர்வம் தங்கள் ஒழுங்கைக் கானில் இருந்தால் போதும் என்று சில வேளைகளில் நினைத்துக்கொள்கிறேன்.

அணையடியில் வயற்காரர் ஒருவர் நின்றார். எப்போது கதவைத் திறப்பது, எப்போது மூடுவது என்பதுதான் அங்கே ஆண்டுதோறும் வழக்கு. முந்தி மூடினால் நவாலி வரைக்கும் வயல் மூழ்கும். பிந்தி மூடினால் தை மாதத்தில் நிறுத்துவதற்கு நன்னீர் மிஞ்சாது, உவரும் ஏறும். இறால் பிடிப்பவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். மேலே மானிப்பாய்ப் பக்கம் கட்டடங்களால் நிரம்ப நிரம்ப, முன்னர் இரண்டு நாள் எடுத்து வந்த வெள்ளம் இப்போது ஒரே இரவில் வருவதால், முடிவெடுக்கும் அவகாசமும் குறைந்துவிட்டது என்றார். "மழை அளவை ஆரும் ரெலிபோனில சொன்னாலே போதும் ஐயா, நாங்கள் பாத்துக்கொள்ளுவம்" என்று அவர் நண்பரிடம் சொன்னபோது, தெல்லிப்பழையில் ஒரு மழைமானியும் ஒரு கைத்தொலைபேசி எண்ணும் இருந்தால் தீரக்கூடிய விடயம் இது என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. நண்பர் தெல்லிப்பழையிலிருக்கும் தம்முடைய மருமகனின் வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானி வைத்து, மாரி முழுவதும் காலையும் மாலையும் அளவைச் சொல்வதற்கு அங்கேயே ஒழுங்கு செய்துவிட்டார்.

பாலத்துக்கும் அணைக்கும் இடையில் சம்பும் கோரையும் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கின்றன. கமக்காரர் அமைப்பு அடுத்த சனிக்கிழமை சிரமதானத்துக்கு நாள் வைத்திருக்கிறது. மண்வெட்டியோடு வரச்சொல்லி எங்களுக்கும் அழைப்பு. வெட்டியெடுக்கும் சேற்றைக் கரையிலேயே போட்டால் முதல் மழையோடு திரும்ப உள்ளே வந்துவிடும், ஏற்றிப் போவதென்றால் உழவு இயந்திரக்காரர் கூலி கேட்கிறார், வயலுக்குப் போடலாம் என்றால் அதில் உவர் இருக்குமோ என்று சிலர் தயங்குகிறார்கள். மண்ணை எங்கே கொட்டுவது என்பதில் நாங்கள் புறப்படும்வரை இணக்கம் ஏற்படவில்லை.